இரண்டு இதழ் எந்தப் பக்கம்

உத்தனப்பள்ளி,
ஞாயிறு காலை

அன்புள்ள ஆனந்தராஜுக்கு அம்மா எழுதுவது. ஒரு தப்பும் செய்யாத பெண்ணை நீ வகுப்புக்கு வெளியே நிறுத்தினாய். அவள் சொன்னதுதான் சரி. மற்றபடி நானும் அப்பாவும் உன் தங்கை அனுப்ரியாவும் சுகமாகவே இருக்கிறோம், உனக்கு வேதாரண்யத்துத் தண்ணீர் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டதா, சளி விட்டதா? போனில் சொன்னால் 'சரிம்மா சரிம்மா' என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதுகிறேன், கடைசி வரை படி.

போன வாரம் நீ சிரித்துச் சிரித்துச் சொன்னாய். பள்ளிக்கு வந்த இருதய மாடலின் அடியில் எங்கள் கம்பெனி ஸ்டிக்கர் இருந்ததாம், பீரோவில் பூட்டாமல் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துப் பிரிக்கச் சொன்னாயாம். கேட்க எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது. அப்போது உப்பளத்தில் வேலை செய்கிறவர் மகள் ஒருத்தி எழுந்து, "சார், தடிச்ச சுவர் பக்கம் வால்வுல மூணு இதழ் இருக்கு, புக்குல ரெண்டுன்னு போட்டிருக்கு" என்றிருக்கிறாள். நீ கிட்டே போய்ப் பார்க்கக்கூட இல்லை. எதிரில் நின்று பார்த்தால் இடம் வலம் மாறித்தான் தெரியும் என்றாய். அவள் இடத்தையும் வலத்தையும் பற்றிப் பேசவே இல்லையே, சுவரைப் பற்றி அல்லவா கேட்டாள்? மறுபடி கேட்டதும் "கம்பெனிக்காரனவிட நீ பெரிய ஆளா?" என்று வெளியே அனுப்பினாய். நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன், அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. டேய், அந்தக் கம்பெனிக்காரன் நான்தான். வால்வு மாட்டுவது என் டேபிள்.

மறுநாள் ஷிப்டில் ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். டேபிள் மேலே ஒட்டியிருக்கும் தாளில் இடது இரண்டு, வலது மூன்று என்று மட்டும்தான் இருக்கிறது, படம் கிடையாது. எட்டு மாதத்துக்கு முன்பு, நான் வேலைக்குச் சேர்ந்தபோது, பக்கத்து டேபிள் நாகம்மா கற்றுக்கொடுத்தபடி என் இடது கைப் பக்கத்து ஓட்டையில் இரண்டு இதழை வைத்து அழுத்துகிறேன். ஆனால் இருதயம் என்னைப் பார்த்தபடி அல்லவா இருக்கிறது, அதன் இடது, அந்தத் தடித்த சுவர் பக்கம், என் வலது கைப் பக்கம். இரண்டு ஓட்டையும் ஒரே அளவு, எதை மாட்டினாலும் டக்கென்று உட்கார்ந்துவிடும்.

அப்போதும் நம்பிக்கை வரவில்லை. கரியப்பன் கறிக்கடையில் ஆட்டு இருதயம் ஒன்றை வெட்டாமல் முழுசாகக் கேட்டேன், "என்னக்கா, பூசைக்கா?" என்றான். பாடத்துக்கு என்றதும் "இந்த வயசுலயா!" என்று கடையே சிரித்தது. அனுப்ரியா புத்தகத்தை விரித்துப் பிடித்துக்கொள்ள, நான் மேல் அறைகளை மட்டும் அறுத்தேன். உன் அப்பா எட்டிப் பார்த்து, "கொழம்பு வைக்கிற எடத்த ஆஸ்பத்திரி ஆக்கிட்டீங்களே" என்று கத்திவிட்டு, பிறகு அவரே குனிந்து உட்கார்ந்துவிட்டார். உள்ளே விரல் விட்டுப் பிடித்துப் பார்த்தால், கீழ் அறையில் ஒரு பக்கம் சுவர் என் சுண்டுவிரல் கனம், மறுபக்கம் மெல்லிசு. இதழ்கள் ஈரக் காகிதம் போல, ஓரத்தில் வெள்ளை நூல் நூலாகப் பிடித்து இழுக்கிறது. அனுப்ரியா சொம்பில் தண்ணீர் எடுத்து உள்ளே ஊற்றினாள், இதழ்கள் மெதுவாக மேலெழும்பி ஒன்றோடொன்று ஒட்டி மூடிக்கொண்டன. தடித்த பக்கம் இரண்டுதான். அவ்வளவு வேகமாகத் தள்ளுகிற பக்கத்துக்கு ஏன் இரண்டே போதும்? எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் எழுது.

திங்கட்கிழமை ஒரு மணி நேரம் சரியாக மாட்டினேன். செக்கிங்கில் வைத்திருக்கும் சாம்பிளே தப்பு, அதைப் போல இல்லை என்று அத்தனையையும் சிவப்புத் தொட்டியில் ரிஜெக்ட் என்று போட்டார்கள். சூப்பர்வைசர் மாதவனிடம் போனேன். "யாருக்கா பிரிச்சுப் பாக்கப் போறான்? எல்லாம் கவர்மெண்ட் ஸ்கூலுக்குப் போறது, பீரோல வெச்சுப் பூட்டிருவாங்க. இதுவரைக்கும் ஒரு கம்ப்ளெயிண்ட் வந்துதா?" என்றான். வந்திருக்கிறது, வேதாரண்யத்தில் ஒரு பெண் சொல்லியிருக்கிறாள் என்றேன். "எழுத்துல வந்துதா?" என்றான். வரவில்லை. வெளியே நிற்கிற பிள்ளை எப்படி எழுதும்? தினம் லாரி ஏறுகிறது, ஒவ்வொரு பெட்டியும் ஏதோ ஓர் ஊர் ஏழைப் பிள்ளைக்குத் தப்பைச் சொல்லிக்கொடுக்கப் போகிறது, மாட்டியது என் கை. கம்பெனி சொன்னால் உண்மை, உப்பளத்துப் பிள்ளை சொன்னால் திமிர். இதை எங்கே படித்தாய்? இந்த வீட்டில் இல்லை.

நீ தற்காலிக ஆசிரியர், தலைமையாசிரியர் என்ன நினைப்பாரோ என்று பயப்படுவாய். நானும் காண்ட்ராக்ட்தான், எனக்கும் பயம் இருக்கிறது. இருந்தாலும் வகுப்பில் எல்லோர் முன்னாலும் சொல், நீ சொன்னது சரி, நான் பார்க்காமல் பேசினேன் என்று. மாடலை அவள் கையிலேயே கொடுத்து மாற்றி மாட்டச் சொல். பிறகு புகாரை அவளே எழுதட்டும், பள்ளி முத்திரை வாங்கி எங்கள் கம்பெனிக்கு அனுப்பு. என் பெயர் அதில் வந்தாலும் பரவாயில்லை.

நல்லா இருடா, நீண்ட நாள் ஆசிரியராக இரு, உன் வகுப்பில் பிள்ளைகள் பயமில்லாமல் கை தூக்கட்டும். வெயிலில் தொப்பி இல்லாமல் சைக்கிளில் போகாதே, ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளாதே. அந்தப் பெண்ணின் புகார் எந்தத் தேதியில் தபாலில் போகிறது? அதை மட்டும் எனக்கு எழுது.

உன் அம்மா,
மாரம்மா