எல்லையில் நிற்கும் மாப்பிள்ளை

மஞ்சக்குப்பம்,
11.1.2009

அருமை மாப்பிள்ளைக்கு,

உன்னால் எனக்கு மஞ்சக்குப்பத்தில் தனி மரியாதை. சண்டை வரும் என்று பட்டாளத்தில் உன்னை அவசரமாக எல்லைக்கு அனுப்பியதும், பீரங்கி பிடித்து முன்வரிசையில் நிற்பவன் நீதான் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டேன். முகாமில் வெங்காயம் உரிப்பதாக நீ எழுதியதை வெளியில் சொன்னால் நமக்கு என்ன மதிப்பு?

உனக்குப் பேசி வைத்திருந்த சிந்துஜாவின் அப்பாதான் பயந்துவிட்டார். “சாவப் போறவனுக்கு எப்புடிங்க பொண்ணு குடுக்கறது?” என்றார். செம்மங்குப்பத்தில் வேலை பார்க்கும் ஒரு பையனைப் பேசி முடித்தார்.

நான் விடுவேனா? “நாட்டுக்காகப் பொண்ணே வேணாம்னு எங்க மாப்ள எழுதிட்டான்” என்று அவர் வாசலிலேயே நின்று சொன்னேன்.

உனக்காகக் காத்திருப்பேன் என்று பட்டினி கிடந்த சிந்துஜா, அதைக் கேட்டதும் எழுந்து சாப்பிட்டாளாம். தை மாதம் அந்தப் பையனோடு கல்யாணம்.

உன் பெயரைக் காப்பாற்றிய
தாய்மாமன்