வலது கையில் கிளவுஸ்

மில்பர்ன், ஒஹாயோ

தம்பிக்கு,

நூலகத்தில் நம் மில் பேஸ்பால் அணியின் பழைய படத்தை மாட்டி, ஆட்களுக்குப் பெயர் எழுதுகிறார்கள். நூலகர் ஹேஸல், "இவருக்கு வலது கையில கிளவுஸ். அப்ப இடது கையால பந்து வீசுற உங்க தம்பிதானே?" என்றாள். ஏனோ தலையாட்டிவிட்டேன்.

அது நான். நான் கிளவுஸ் போட்டிருந்தது இடது கையில்; படத்தை இடவலம் மாற்றி அச்சடித்துவிட்டார்கள். தொப்பியிலுள்ள 'எம்' எழுத்தைத் திருப்பிப் போட்டாலும் அதேதான், யாருக்கும் தெரியவில்லை. நாம் இரட்டையர், முகமும் ஒன்றே. நீதான் படம் எடுத்த அன்று காலையே என்னோடு சண்டை போட்டுக்கொண்டு ரயிலேறிவிட்டாயே.

திருத்தச் சொல்ல நாலு முறை போய், வாசலோடு திரும்பிவிட்டேன். நேற்று அம்மா வந்து படத்தைத் தடவி, "எம்புள்ள ஆடிட்டுத்தான் போயிருக்கான்" என்று அழுதாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு நீ எங்கடா போயிருந்தே?"

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வந்து நீயே பதில் சொல்.

உனக்குப் பத்து நிமிடம் மூத்தவன்