செலியமேட்டில் எல்லா வீட்டுக்கும் ஒரு கூடை

சின்னம்மா,

என் விரல்களில் மீனெண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. சீயக்காய் போட்டுத் தேய்த்தேன், சாம்பல் போட்டுத் தேய்த்தேன். முகர்ந்தால் நீயே பக்கத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கிறது. உன் புடவைத் தலைப்பில் எப்போதும் இந்த வாசம் இருக்கும், அதன் மேல் வெல்லம் காய்ச்சும் வாசம். இரண்டும் சேர்ந்தால் குமட்டுகிறது என்று நான் மூக்கைப் பிடித்துக்கொள்வேன். இன்று போகாமல் இருந்தால் தேவலை என்று தோன்றுகிறது.

அப்பா அடுத்த அறையில் தூங்குகிறார். பிரெஞ்சுப் பாடம் எழுதுகிறேன் என்று சொல்லிச் சிம்னி விளக்கை வைத்துக்கொண்டிருக்கிறேன். அவர் புரண்டு படுத்தால்கூட என் பேனா நின்றுவிடுகிறது. ஆனாலும் இன்றைக்கு நடந்ததை உனக்குச் சொல்லாவிட்டால் எனக்கு நெஞ்சு வெடித்துவிடும். நீ எங்களை விட்டுப் போன மழைக்காலத்துக்குப் பிறகு நான் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இவ்வளவு பயந்ததும் இல்லை.

முதலிலிருந்து சொல்கிறேன். "இன்னாடி இழுக்கிற, விஷயத்துக்கு வாடி" என்பாய். கொஞ்சம் பொறு.

பட்டணத்துச் சங்கம் உன்னை வேலைக்கு வைத்தபோது அப்பாதான் என்னைத் துணைக்கு அனுப்பினார். சின்ன வயசுப் பெண் தனியாக வீடு வீடாகப் போகக் கூடாதாம். நோய்க்காரர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் அரிசி, முட்டை, மீனெண்ணெய் கொடுக்கிற சங்கம் அது. எந்த வீட்டுக்கு எது வேண்டும் என்று பார்த்துவர வேண்டியது உன் வேலை. நீ எங்கேயும் வாசலில் நின்று கேட்டதே இல்லை. "தாகமா இருக்குதுக்கா, தண்ணி மொண்டுக்கறேன்" என்று நேரே சமையல்கட்டுக்குள் போய்விடுவாய். அடுப்புச் சாம்பல் சூடாக இருக்கிறதா, அரிசிப் பானை மூடியில் தூசி படிந்திருக்கிறதா என்று உன் கண் பார்த்துவிடும். வாய் மட்டும் மாட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும்.

இல்லாத வீட்டில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தாயோ, இருக்கிற வீட்டிலும் அவ்வளவு நேரம் உட்கார்ந்தாய். கரும்பாலை வைத்திருக்கிற ஆலைக்காரம்மா வீட்டில் முறுக்கு தீரும்வரை உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறதா? எனக்கு வயிறு வலித்தது. வெளியே வந்ததும் கேட்டேன். "ஒரு வூட்ல மட்டும் ரொம்ப நேரம் குந்தினா தெரு கணக்குப் போடும்டி. அதுக்குத்தான் முறுக்கு" என்றாய். அப்புறம், "முறுக்கும் நல்லாத்தான் இருந்துச்சு" என்று சிரித்தாய்.

அரிசியை எப்படிக் கொடுப்பது என்பதுதான் பெரிய பாடாக இருந்தது. கரும்பாலைக் கொட்டகையில் சக்கை மலைபோல் குவிந்துகிடக்கும். அடுப்பெரிக்க எல்லா வீட்டுக்கும் சக்கை வேண்டும். அதை வைத்துத்தான் நீ வழி கண்டுபிடித்தாய். சனிக்கிழமை சனிக்கிழமை நாலு தெருவும் மூடிபோட்ட கூடையோடு கொட்டகைக்கு வர வேண்டும். ஒவ்வொருத்தராக உள்ளே வந்து, மூடியை மூடிக்கொண்டு வெளியே போக வேண்டும். எல்லாக் கூடையிலும் சக்கை. சில கூடையில் சக்கைக்கு அடியில் அரிசி, அரிசிக்குள் புதைத்த மீனெண்ணெய்ப் பாட்டில்.

முதல் வாரமே மாட்டிக்கொண்டோமே, சின்னம்மா! சக்கை காற்று மாதிரி இருக்கும். வெறும் சக்கை வாங்கியவர்கள் கூடையை இடுப்பில் ஆட்டிக்கொண்டு போனார்கள். அரிசி வாங்கியவர்கள் சும்மாடு வைத்து, கழுத்தை விறைத்துக்கொண்டு, தலையில் சுமந்து போனார்கள். புளியமரத்தடியில் குந்தியிருந்தவர்களுக்கு வேறென்ன வேலை? "இன்னா தாயீ, ஒனக்கு மட்டும் சக்கை ஈயமா இருக்குதா?" என்று ஒருவர் கேட்டார். சிரிப்பு. மறுநாள் கிணற்றடியில் அந்த அம்மாவுக்கு யாரும் கயிறு கொடுக்கவில்லை. "அந்த வூட்ல இன்னா சீக்கோ" என்று பேசிக்கொண்டார்கள். அவள் உன்னிடம் கூடையைத் திருப்பி நீட்டி, "பட்டினி கெடந்தா வூட்டோட போயிடும்மா. இது தெருவுக்கு வந்துடுச்சு" என்றாள். அன்றைக்கு நீ சாப்பிடவில்லை.

எல்லாக் கூடையையும் கனமாக்கிவிட்டால் என்ன என்று கேட்டது நான்தான். எனக்கு இன்னும் பெருமையாக இருக்கிறது. ஏரிக்கரைக் களிமண்ணை உருட்டிச் சக்கைக்கு அடியில் வைத்தோம். அடுப்புப் போடவும் தரை மெழுகவும் ஆகும் என்று பாதிப் பேர் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். ஆலைக்காரம்மாதான் கொட்டகையே அதிரக் கத்தினாள்.

"என் வூட்டு ஆலை, என் வூட்டுச் சக்கை. நானே வரிசையில நின்னு மண்ணச் சொமந்துக்கினு போகணுமா?"

"ஒடம்பு எளைக்கும்க்கா" என்றாய் நீ.

"யாரப் பாத்துடி குண்டுன்ற?" என்று கையை ஓங்கினாள். ஆனால் கூடையைத் தூக்கிக்கொண்டுதான் போனாள்.

நீ எதையும் எழுதிவைக்கவில்லை. எந்தக் கூடைக்கு எது என்பது உன் தலையிலும் என் தலையிலும் மட்டும் இருந்தது. நீ போன பிறகு என் தலையில் மட்டும். சங்கத்துப் பெண்கள் யோசித்துவிட்டு, கூடை நிரப்ப என்னையே உள்ளே நிற்கவைத்தார்கள். ராத்திரி படுத்தால் வீடுகள் ஒவ்வொன்றாகக் கண் முன்னால் வரும். எங்கே தூக்கத்தில் உளறிவிடுவேனோ என்று போர்வையைக் கடித்துக்கொண்டு படுப்பேன்.

அதிலும் ஒரு வீடு. உனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருகிறவளின் வீடு. அவள் அம்மாவுக்குச் சயரோகம் என்று நம் இரண்டு பேருக்கும்தான் தெரியும். சங்கத்தில் சொல்லட்டுமா என்று நீ கேட்டபோது, "சொல்லும்மா, ஆனா வூட்டு அடையாளம் சொல்லாத. எம் பொண்ணுக்குக்கூடத் தெரியக் கூடாது. தெரிஞ்சா பள்ளிக்கூடத்துல அவளத் தனியா குந்தவெப்பாங்கோ" என்று உன் கையைப் பிடித்துக்கொண்டாள். நீ சங்கத்தில் 'ஒரு வீடு' என்று மட்டும் சொன்னாய். அதற்கே பாட்டில் வந்தது.

இப்போது இன்றைக்கு வருகிறேன்.

சங்கத்துக்குப் புதிதாக ஒரு செக்ரெத்தேர், அதுதான் காரியதரிசி, வந்திருக்கிறார். பட்டணத்துக்காரர், வெள்ளைக் கோட்டு, குடை. ஐயா என்று கூப்பிடக் கூடாதாம், முசே என்று கூப்பிட வேண்டுமாம். மத்தியானம் கூடை வரிசை பாதி நகர்ந்திருந்தபோது கொட்டகைக்கு வந்தார். கூடவே தமுக்கு அடிக்கிற கிழவர். பணம் கொடுக்கிற கனவான்கள் சந்தேகப்படுகிறார்களாம், இருக்கிறவர்களே அரிசியை வாங்கிக்கொள்கிறார்கள் என்று. அதனால் யார் யாருக்குப் போகிறது, எதற்காகப் போகிறது என்று நாலு தெருவிலும் தமுக்கு அடித்துச் சொல்லிவிட்டால் சந்தேகம் தீர்ந்துவிடுமாம். அவர் கெட்டவர் மாதிரிப் பேசவில்லை, சின்னம்மா. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"பாப்பா, ஒனக்குத்தான் எல்லாம் தெரியுமாமே. வெளிய வா. ஒவ்வொண்ணா சொல்லு" என்றார்.

நான் வெளியே வந்தேன். வரிசைக்குப் பக்கத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். அவள்தான், என் பக்கத்தில் உட்காருகிறவள். அவள் அம்மாவால் இன்றைக்கு நடக்க முடியவில்லை போலிருக்கிறது. கூடையை நிரப்பி அவள் கையில் கொடுத்து ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. பாட்டில் உள்ளே இருந்தது. அவள் என்னைப் பார்த்து, மாட்டிக்கினியா என்பதுபோல் கண்ணை உருட்டிச் சிரித்தாள்.

தெரியாது என்று சொல்லலாம் என்று பார்த்தேன். அது பொய் என்று எல்லாருக்கும் தெரியும். பிறகு அவர் கூடைகளைத் திறந்து பார்ப்பார். சொன்னால், அவள் தன் அம்மாவின் நோயைத் தெருவில் தமுக்குச் சத்தத்தில் கேட்பாள். ஓடிப்போனாலும் கூடைகள் அங்கேயேதான் இருக்கும். அப்போது என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா?

"ஆலைக்காரர் வூடு, முசே."

அவர் புருவத்தைச் சுருக்கினார். "ஆலைக்காரர் வூடா? அவங்களுக்கு எதுக்கு?"

"எதுக்குன்னு எனக்குச் சொல்ல வராது முசே. கூடை வாங்கினாங்க. நாந்தான் ரொப்பிக் குடுத்தேன்."

இதில் பொய் எங்கே இருக்கிறது? கிழவருக்குச் சொன்னதைச் சொல்கிற வேலை. டமடமவென்று அடித்தார். "ஆலைக்காரர் வூட்ல கூடை வாங்கினாங்கோ!"

வரிசை முழுக்கச் சிரித்தது. ஆலைக்காரம்மா கொட்டகைக்குப் பின்னாலிருந்து கூடையும் கையுமாக வந்தாள். முகம் அடுப்பு மாதிரி இருந்தது. 'எனக்கு வெறும் சக்கையும் மண்ணும்தான்' என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்தவளும் அதையே சொல்வாள், அதற்கடுத்தவளும். கடைசியில் அப்படிச் சொல்ல முடியாதவர்கள் மட்டும் தனியாக நிற்பார்கள்.

அவள் என்னைப் பார்த்தாள். வரிசையை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். கிணற்றடியில் கயிறு கிடைக்காத அந்த அம்மா, கூடையை மார்போடு கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். ஆலைக்காரம்மா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"ஆமா, வாங்கினேன். இப்ப அதுக்கு இன்னா? என் வூட்ல இன்னா இல்லன்னு ஊருக்கு ஒப்பிக்கணுமா? ஏம்பா தமுக்கு, சோறு துன்னலியா? நல்லாத் தட்டு!"

சின்னம்மா, அதற்கப்புறம் நீ பார்த்திருக்க வேண்டும்! மளிகைக்கடைக்காரர் மருமகள், "எங்க வூடும்தான், அத்தயும் சொல்லு" என்றாள். அவளுக்குப் பின்னால் இருந்தவள், "எங்க வூட்ட இன்னாத்துக்கு வுட்டுட்ட? நாங்க கொறச்சலா?" என்று சண்டைக்கே வந்துவிட்டாள். நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். "தாயிங்களா, ஒத்தொத்தரா சொல்லுங்க, தொண்ட காயுது" என்று கிழவர் கெஞ்சினார். யாரோ மோர் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தச் சத்தத்துக்கு நடுவில் என் சிநேகிதி குதித்துக்கொண்டு, "எங்க வூடு! எங்க வூடும் வாங்குச்சு!" என்று கூவினாள். அவளுக்கு அது வேடிக்கை. கிழவர் அதையும் அடித்துச் சொன்னார். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. சக்கைத் தூசி என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

செக்ரெத்தேர் குடையை விரிப்பதும் மடக்குவதுமாக இருந்தார். "இத நான் எப்படிப் போய்ச் சொல்றது?" என்றார், பாவம்.

"எத்தினி மூட்ட வந்துச்சு, எத்தினி மூட்ட தீந்துச்சுன்னு வந்து எண்ணிப் பாத்துக்கோங்க முசே. கொட்டகைய நாங்க தெறந்து காட்டறோம்" என்றாள் ஆலைக்காரம்மா. "யாரு அடுப்புல வெந்துச்சுன்னு மட்டும் கேக்காதீங்க. ஒங்க வூட்டு அடுப்ப நாங்க கேட்டமா?"

அவர் குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அப்புறம் மூட்டைகளை எண்ணிவிட்டுத்தான் போனார். போகும்போது என்னைத் திரும்பிப் பார்த்தார். சாயங்காலம் அப்பாவிடம், பெண்ணுக்கு வாய் அதிகம் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். இனி கொட்டகைப் பக்கம் போகாதே என்று அப்பா சொல்லிவிட்டார். திட்டக்கூட இல்லை; மெதுவாகத்தான் சொன்னார். சனிக்கிழமைக்குள் அவர் மனசு மாற வேண்டும். மாறாவிட்டால் ஆலைக்காரம்மாவைப் போய்க் கூப்பிடப்போகிறேன். அவள் வாய்க்கு முன்னால் அப்பா எத்தனை நேரம் நிற்கிறார் என்று பார்க்கிறேன்.

ஒன்று கேட்கிறேன். ஒரு வீட்டில் நோய் தீர்ந்து, அவர்களுக்கு இனி அரிசி வேண்டாம் என்று ஆனதும், அதைப் பற்றி நான் பேச்செடுத்தால், "எந்த வூடுடி?" என்பாய். விளையாடுகிறாய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று கொட்டகைக்கு வெளியில் நின்றபோதுதான் தெரிந்தது, என் தலையில் மிச்சமிருப்பதை யாராவது கேட்டுவிட முடியும் என்று. நீ மறந்தாயா, மறந்த மாதிரி இருந்தாயா? எப்படி என்று மட்டும் எனக்குச் சொல்லாமல் போய்விட்டாய். நானே பழகிக்கொள்ள வேண்டும்.

விளக்கில் எண்ணெய் குறைந்துவிட்டது. படுக்கப்போகிறேன், ஆனால் தூக்கம் வராது. காதில் இன்னும் தமுக்கு அடிக்கிறது.

இந்தத் தாளை அப்பா எடுத்துப் படித்தாலும் படிக்கட்டும். அவள் என் பக்கத்தில் உட்காருகிறவள் என்று எழுதினேன். அம்மாவுக்கு என்று எழுதினேன், சயரோகம் என்று எழுதினேன். வேண்டுமென்றேதான் அப்படி எழுதினேன், சின்னம்மா. அவள் எங்கே உட்காருகிறாள், நோய் யாருக்கு, என்ன நோய் என்பதெல்லாம் நிஜத்தில் வேறு. உனக்கு மட்டும், படிக்கும்போதே, அது எந்த வீடு என்று தெரிந்திருக்கும்.