பக்கத்து நிலத்துக் கறுப்பு

மார்ச் 3

லுக்ஷா தன் நிலத்துக் கறுப்புத் திராட்சை அத்தனையையும் பிடுங்கிவிட்டான். சுற்றுலா வருகிறவர்களுக்கு அவன் விடும் வாடகை வீட்டுக்கு நீச்சல் குளம் வேண்டுமாம். புல்டோசர் சத்தம் கேட்டு ஓடினேன். எல்லாம் முடிந்திருந்தது. சொந்தத் தம்பி, முன்கூட்டி ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

"என் நிலம், என் கொடி. உன் கிர்க்க நான் தொட்டேனாக்கா?"

தொடவில்லைதான். என்ன ஒரு நியாயம்! என் வெள்ளைத் திராட்சை கிர்க்கின் பூ பெண் பூ, தனியாகக் காய்க்காது என்று எங்கள் ஊர் லும்பார்தாவில் யாருக்குத் தெரியாது? பக்கத்து நிலத்தில் பிளாவட்ஸ் என்ற கறுப்புத் திராட்சை பூத்து, அந்த மகரந்தம் வந்தால்தான் அது காய்க்கும். அப்பா வெள்ளையை எனக்கும் கறுப்பை அவனுக்கும் பிரித்துக் கொடுத்தார். இதை வைத்தாவது பிள்ளைகள் இரண்டும் ஒட்டிக்கொண்டு இருக்கும் என்று நினைத்திருப்பார், பாவம்.

மார்ச் 4

தூக்கமே இல்லை. இனி அவனோடு பேச்சு இல்லை.

ஜூன் 1

பூத்துவிட்டது. குன்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஃபானியிடம் கெஞ்சி, பூத்த கறுப்புக் கிளைகளை வாங்கிவந்தேன். வாளித் தண்ணீரில் நிறுத்தி வரிசைகளுக்கு நடுவே வைத்தேன். அவன் குளக்கரையில் நின்று சிரிக்கிறான்.

"என்னக்கா, கொடிக்குக் கல்யாணமா? எனக்குப் பத்திரிகை வரலியே!"

"மாப்பிள்ளைய வெட்டிப் போட்டவனுக்கு எதுக்குடா பத்திரிகை?"

சொல்லிவிட்டேன்.

ஜூலை 9

வாளி வைத்த இடத்தில் மட்டும் காய். மற்ற குலைகளில் மிளகளவு பிஞ்சு, விதையே இல்லை, தொட்டால் உதிர்கிறது.

ஆகஸ்ட் 20

அவனாகவே வந்தான். "விருந்தாளிங்க எல்லாம் நம்ம குடும்பத்து கிர்க் ஒயின்தான் கேக்குறாங்க. இந்த வருஷம் எவ்வளவு தருவே?"

நம்ம குடும்பமாம்! என்ன நெஞ்சழுத்தம்!

"உன் குளத்துத் தண்ணிய மொண்டு ஊத்து. அதுவும் வெள்ளையாத்தான் இருக்கும்."

செப்டம்பர் 6

அறுவடை மதியத்துக்குள் முடிந்துவிட்டது. கூடைகள் பாதி காலி. வேலைக்கு வந்தவர்கள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

பிப்ரவரி 12

நடு வரிசை கிர்க் முழுவதையும் என் கையாலேயே பிடுங்கினேன். அந்தக் குழிகளில் கறுப்பு நடுகிறேன். என் நிலத்துக்குள்ளேயே இருக்கட்டும்.

லுக்ஷா வேலி தாண்டி ஓடிவந்தான். "உனக்கென்ன பைத்தியமா? அப்பா வெச்ச கொடி அக்கா அது!" கண்ணில் தண்ணீர் வேறு. போன மார்ச்சில் எங்கே போயிருந்தது இந்தத் தண்ணீர்? குனிந்து அடுத்த கன்றை நட்டேன். வாயைத் திறந்தால் நானும் அழுதிருப்பேன்.

கறுப்பு ஒழுங்காகப் பூக்க மூன்று வருஷமாவது ஆகும். அதுவரை வாளியும் ஃபானி வீட்டு வாசலும்தான்.

அவன் போகாமல் நின்றான். "மம்பட்டியக் குடுக்கா, நான் குழி வெட்டுறேன்" என்றான்.

கொடுக்கவில்லை.