ஆஸ்பத்திரி வாசலில் வெடித்த சரம்

சிவகாசி
18.1.2004

அன்பு மகள் எழிலுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் உன் தம்பி கனிராஜும் இங்கே எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே பிலாயில் நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரோடு மல்லுக்கட்டிக்கொண்டு சுகமாகத்தான் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். உன் கடிதம் பொங்கலுக்கு முந்தின நாள் கிடைத்தது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டைகூட வரவில்லையே, ஊருக்கெல்லாம் அட்டை அச்சடிக்கிற சிவகாசியில் இருந்துகொண்டு என்னை மறந்துவிட்டீர்களா என்று கேட்டிருக்கிறாய். மறக்கவில்லை. இந்த வருஷம் நம் வீட்டில் கிறிஸ்துமஸ் என்று ஒன்று நடக்கவில்லை, அவ்வளவுதான். கேக் சொல்லவில்லை, நட்சத்திரம் கட்டவில்லை. போனில் சொல்லலாம் என்றால் பாதியிலேயே நீ அழ ஆரம்பிப்பாய், பூத்துக்காரர் என்னைப் பார்ப்பதா மீட்டரைப் பார்ப்பதா என்று முழிப்பார், ஆகையால் உட்கார்ந்து எழுதுகிறேன். நிதானமாகப் படி.

நம் சபைப் பெண்கள் சங்கம் ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோவது நீ இருக்கும்போது வெள்ளிக்கிழமை மட்டும்தான், இப்போது தினமும் என்று ஆகிவிட்டது. அரிசிக்கு அதே பழைய ஏற்பாடுதான், உலை வைக்கும்போது வீட்டுக்கு வீடு ஒரு கைப்பிடி எடுத்துத் தனியாகப் போட்டு ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கொண்டுவருகிறார்கள். ஒருத்தி வீட்டுப் பொன்னி, ஒருத்தி வீட்டு ரேஷன் அரிசி, இன்னொருத்தி வீட்டுப் பச்சரிசி, எல்லாம் ஒரே மூட்டையில் விழுந்தால் சோறாக எங்கே வேகும்? ஒன்று குழைந்து போகும்போது மற்றது நறுக்கென்று நிற்கும். கஞ்சியைத் தவிர வேறு எதற்கும் ஆகாது. அதனால்தான் நாங்கள் கஞ்சி ஊழியம் செய்கிறோம், சபை ஐயர் பிரசங்கத்தில் அதற்கு வேறு காரணம் சொல்கிறார்.

எனக்குக் கொடுத்திருப்பது தீக்காய வார்டு. அங்கே கஞ்சியை ஊற்றிக் கொடுத்துவிட்டு வந்தால் ஆகாது, உட்கார்ந்து ஊட்ட வேண்டும். பட்டாசு செய்கிற பயர் ஆபீஸில் விபத்து என்றால் முதலில் போவது கைதானே. கார்த்திகை மாதம் தாயில்பட்டிப் பக்கத்திலிருந்து மாரிசெல்வி என்று ஒரு பெண்ணைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள், நம் கனிராஜை விடச் சின்னவள், இரண்டு கையும் முழங்கை வரைக்கும் வெந்துபோயிருந்தது. தை பிறந்ததும் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்களாம், மாப்பிள்ளை வீட்டார் ஒரு தடவை ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், அப்புறம் வரவில்லை. அவளுடைய அம்மா வேலுத்தாய் இன்னொரு பயர் ஆபீஸில் வேலை செய்கிறாள், வீட்டில் இன்னும் இரண்டு பிள்ளைகள், அவள் வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியாது. அதனால் பகலில் இந்தப் பெண்ணுக்கு ஊட்டுகிற பொறுப்பு என் மேல் விழுந்தது. முதல் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. வெட்கம். ஊட்டிவிட நான் என்ன பச்சைப் பிள்ளையா என்றாள். பிறகு பழகிவிட்டாள், பழகினதும் வாயை மூடவில்லை. பெரியம்மா, இன்னைக்குக் கஞ்சியில கல்லு கம்மியா இருக்கே, உங்க கோவில்ல எல்லாரும் மனந்திரும்பிட்டாகளா என்று கேட்பாள். எனக்கும் சிரிப்பு வந்துவிடும். தொடையிலிருந்து தோலை எடுத்துக் கையில் ஒட்டி, இது மட்டும் பிடித்துவிட்டால் விரல் ஓரளவு மடங்கும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இப்படி இருக்கும்போது கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் வந்தது. நம் சபை வாலிபர் கீதபவனி எப்படி நடக்கும் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, வீட்டு வாசலில் நின்று பாட வேண்டியது, ஐயர் ஜெபித்து முடித்ததும் ஒரு சரத்தைக் கொளுத்திப் போட வேண்டியது, அடுத்த வீட்டுக்கு நடக்க வேண்டியது. சரம் வெடிக்காமல் வாசலை விட்டு நகர்ந்தால் வீட்டுக்காரர்களே கோபித்துக்கொள்வார்கள். இந்த வருஷம் வீடுகளுக்குப் போவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்காகப் பாடலாம் என்று வாலிபர் கூட்டத்தில் முடிவு செய்தார்கள். நல்ல எண்ணம்தான், நானும் தலையாட்டினேன். சாயங்காலம் நான் மாரிசெல்விக்கு ஊட்டிக்கொண்டிருக்கும்போது வாசலில் டிரம் சத்தமும் பாட்டும் கேட்டது, அவளும் தலையைத் தூக்கிக் கேட்டாள், உங்க ஆளுகளா பெரியம்மா, நல்லாத்தான் பாடுதாக என்றாள். பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. உடனே சரம் வெடித்தது.

எழில், அந்த வார்டை நீ பார்க்காததே நல்லது. நடக்க முடிந்தவர்கள் எல்லாம் கட்டோடு எழுந்து ஓடினார்கள். கடைசிக் கட்டிலில் இருந்த பாட்டி, எழுந்து நிற்கவே முடியாதவள், ஓடுங்க ஓடுங்க என்று கத்திக்கொண்டே படுக்கையில் காலை உதைத்தாள். மாரிசெல்வி என் கையிலிருந்த டம்ளரைத் தட்டிவிட்டுக் கட்டிலிலிருந்து விழுந்து, அந்த இரண்டு கையையும் தரையில் ஊன்றிக் கட்டிலுக்கு அடியில் புகுந்துவிட்டாள். வெளியே இழுத்தபோது கட்டெல்லாம் நனைந்து சிவந்திருந்தது. ஒட்டின தோல் பிரிந்துவிட்டது. வாசலில் யாரும் பொல்லாப்பு நினைத்துச் செய்யவில்லை, கை பழகிப்போயிருக்கிறது, ஆமென் சொன்னதும் கை தீப்பெட்டிக்குப் போகிறது. சிவகாசிக்காரர்கள் இல்லாமல் வேறு யார் தீக்காய வார்டு வாசலில் சரம் கொளுத்துவார்கள்? திரியைப் பற்ற வைத்தது உன் தம்பி கனிராஜ்.

வேலுத்தாய் வேலை விட்டு வேனிலிருந்து இறங்கி நேராக வந்தாள். என்னை வார்டுக்கு வெளியே கூப்பிட்டு, யக்கா, உங்க கஞ்சியும் வேணாம், உங்க பாட்டும் வேணாம், எம்புள்ளைய விட்டுருங்க என்றாள். சத்தம்கூடப் போடவில்லை. நான் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பெண் யார் கையாலும் சாப்பிடவில்லை, பெற்றவள் வேலையை விட்டுவிட்டு உட்கார்ந்து ஊட்டினாலும் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவாளாம். கரண்டி கீழே விழுந்தால் உடம்பு தூக்கிப் போடுமாம். உடம்பில் சத்து ஏறாவிட்டால் மறுபடி தோல் ஒட்டுவதில் பிரயோசனம் இல்லை, அப்படியே விட்டால் கை இரண்டும் கட்டையாகத்தான் நிற்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இதை நர்ஸ் அம்மா என்னிடம் சொன்னாள். நான் மற்றக் கட்டில்களுக்கு ஊட்டிவிட்டு அந்தக் கட்டில் பக்கம் பார்க்காமல் வந்துகொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது.

வீட்டில் அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. காலண்டர் சீசன் வேலை முடிந்துவிட்டது, அச்சாபீஸில் வேலை இல்லாவிட்டாலும் அங்கேயே போய் உட்கார்ந்துகொண்டார். கனிராஜ் பண்டிகை ஆராதனைக்கு வரவில்லை, புதுச் சட்டை இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது. ஐயர் வீட்டுக்கு வந்து, தம்பி அறியாமல் செய்தது, கர்த்தர் மன்னிப்பார் என்று தலையில் கை வைத்து ஜெபித்தார். வாலிபர்களும் அவன் தோளில் தட்டித் தட்டிப் போனார்கள். புது வருஷம் பிறந்ததும் சபைக் கூட்டம் போட்டார்கள். பேச்சு எங்கெங்கோ போனது, பயர் ஆபீஸ் வைத்திருக்கிறவர்களும் நம் சபையில் இருக்கிறார்களே, ஆளாளுக்குத் தொண்டையைக் கனைத்தார்கள். கடைசியில் இனிமேல் நம் சபை எந்தப் பண்டிகைக்கும் வெடி போடுவதில்லை என்று தீர்மானம் செய்தார்கள். பெரிய காரியம் செய்துவிட்டதாக எல்லோருக்கும் முகத்தில் ஒரு தெளிச்சி.

பொங்கல் கழிந்த மறுநாள் நான் தூக்குவாளியோடு கிளம்பும்போது கனிராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு நானும் வாரேன் என்றான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பார்வையாளர் நேரம், வேலுத்தாய் கட்டில் அருகே நின்றாள். இவன் நேராகப் போய், நான்தான் அன்னைக்குச் சரத்தக் கொளுத்துனேன் என்று சொல்லிவிட்டு நின்றான். வேலுத்தாய் தள்ளி நின்றாள். இந்தப் பெண் சுவரிலிருந்து திரும்பி அவனைப் பார்த்தாள், முகம் அவ்வளவுக்கு வற்றிக் கிடக்கிறது. சபைத் தீர்மானத்தை அவளுக்குச் சொன்னான், எங்க சபையில இனிமே வெடியே போட மாட்டோம்மா என்றான். அதற்கு அவள், ஐயையோ, அப்படிச் செஞ்சுப்புடாதீக அண்ணே, ஆளாளுக்கு இப்படி நிப்பாட்டுனா எங்க ஆத்தா எங்கன வேலைக்குப் போவா, ஆஸ்பத்திரிய விட்டுத் தள்ளி வச்சுக் கொளுத்துங்க, அது போதும் என்றாள். அப்புறம், அது எந்தக் கம்பெனிச் சரம் அண்ணே என்று கேட்டாள். சொன்னான். அவள் வேலை பார்த்த கம்பெனிதான். அது எங்க செட்டுல பின்னுனது, நான்தான் பின்னுவேன், இடையில நிக்காமக் கடைசி வரைக்கும் போச்சா என்றாள். போச்சும்மா, ஒண்ணுகூட விடலை என்றான். அப்பச் சரி என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து வாயைத் திறந்தாள்.

முழு டம்ளரும் குடித்தாள், எழில். ஊட்டி முடித்துவிட்டுத் தண்ணீர்க் குழாய் பக்கம் போய் நின்று நான் அழுத அழுகை, ஆயா வந்து யாருக்கு என்னாச்சு என்று கேட்கும்படி ஆகிவிட்டது. இன்றைக்கும் குடித்தாள். அடுத்த மாதம் மறுபடி தோல் ஒட்டிப் பார்க்கலாம் என்கிறார்கள், இந்த முறை விரல் மடங்குமா என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. வேலுத்தாய் வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். என்னிடம் இன்னும் பேசவில்லை, பேசாவிட்டால் போகிறாள், பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறாள் அல்லவா, அதுவே எனக்குப் பெரிது.

நாள்காட்டியும் எள்ளுருண்டையும் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். குளிருக்குக் கரி அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்திப் படுக்காதே, மாப்பிள்ளையிடமும் கண்டித்துச் சொல். உங்கள் இரண்டு பேர் தலைமேலும் கர்த்தருடைய கை இருக்கட்டும், உன் வயிற்றில் ஒரு பிள்ளையைத் தந்து தாலாட்டுப் பாட என் வாய்க்கும் வேலை கொடுக்கட்டும். கனிராஜுக்கு நீ தனியாக ஒரு கடிதம் போடு. ஆறுதலாக எழுதிவிடாதே. அப்பா திட்டவில்லை, ஐயர் திட்டவில்லை, அந்தப் பெண்ணும் திட்டவில்லை, அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அப்படியே எழுந்து போகிறான். எனக்குத் திட்ட வாய் வரவில்லை. அக்காவாக இருந்து நீயாவது அவனை நன்றாக நாலு வார்த்தை திட்டி எழுது.

இப்படிக்கு
உன் அம்மா
பொன்னுத்தங்கம்