காந்தத்தின் பக்கம் தலை

நாள் 212. இரவு 22:40
நிலவு நிலையம். எழுதுவது ஜெனிதா, ஒன்பதாம் வகுப்பு. காதுவலி. காய்ச்சல் 38.9 செல்சியஸ். விளக்கணைத்த பிறகு போர்வைக்குள் எழுதுகிறேன்.
அம்மாவின் ஆய்வகத்தில் திரவப் படிகம் இருக்கிறது. அதில் கரைந்த சிறு மூலக்கூறுகள் தம்போக்கில் சுழலும். காந்தம் வைத்தால் படிகம் ஒரே திசையில் நிற்கும். கரைந்தவையும் சுழன்றுகொண்டே அந்தப் பக்கம் கொஞ்சம் சாயும். சூடேற்றினால் ஒழுங்கு குலைந்து எல்லாம் விடுபடும்.
இன்று அந்தப் படிகக் குழாய் கழுவிய நீரை இசக்கி அண்ணன் குடிநீர் மறுசுழற்சித் தொட்டியில் ஊற்றிவிட்டார். இங்கே தண்ணீரைக் கொட்ட யாருக்கும் கை வராது. ஒலிபெருக்கியில் அம்மா கத்தியது கேட்டது:
"எலே இசக்கி, அது குடிக்கிற தண்ணியில்லா!"
"வடிகட்டி பாத்துக்கிடும் டாக்டரக்கா. அரைக்குடம் தண்ணியக் கொட்டச் சொல்லுதீயளே, உங்க நெஞ்சென்ன கல்லா?"

நாள் 215. 01:15
வடிகட்டி பார்த்துக்கொள்ளவில்லை.
என்னைத் தவிர இங்குள்ள ஆறு பேரும் ஆய்வகத்துக் காந்த அறையின் பக்கம் தலைவைத்துத் தூங்குகிறார்கள். அம்மாவைத் திருப்பிப் படுக்கவைத்தேன். கண் திறக்காமலே பழையபடி திரும்பிக்கொண்டாள். பகலில் கூப்பிட்டாலும் பதில் இல்லை, காந்த அறையையே பார்த்து நிற்கிறார்கள்.
நானும் அதே தண்ணீரைத்தான் குடிக்கிறேன். காய்ச்சல்தான் என்னைக் காக்கிறது. காய்ச்சல் மாத்திரையை நிறுத்திவிட்டேன். காது கொதிக்கிறது.

நாள் 217. 02:30
விண்ணுடை உலர்த்தும் வெப்ப அறைக்குள் அம்மாவைத் தள்ளி, வெளியே நின்று வெப்பத்தைக் கூட்டினேன். அவள் உடல் 38.5 தொட்டதும் உள்ளிருந்து அவள் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.
"மக்ளே? ஏன் இப்பிடி இளைச்சுப் போயிட்ட? சாப்பிட்டியா?"
அழுதேன்.
"அழாதட்டி. மூக்கு ஒழுகுது பாரு. முதல்ல பூமிக்குத் தகவல் அனுப்பு."
அனுப்பினேன். மீட்புக் கலம் வர ஒன்பது நாள்.
நான்கு நிமிடம் பேசினாள். பிறகு இதயத் துடிப்பு தாறுமாறாக ஓடியது. வெப்பத்தைக் குறைத்தேன். என் கையால்தான் குறைத்தேன். பேச்சு பாதியில் நின்றது.

நாள் 219. 03:05
காது உடைந்து சீழ் வந்துவிட்டது. வலி இல்லை. காய்ச்சல் 37.6. வெப்ப அறையில் உட்கார்ந்து பார்த்தேன். மயக்கம் வந்து கதவருகே விழுந்தேன். இனி முடியாது.
கலம் வர இன்னும் ஏழு நாள். வருகிறவர்களுக்கு: எங்கள் தண்ணீரைத் தொடாதீர்கள். சூடாக்கினால் திரும்பி வருவோம். மெதுவாக. முதலில் அம்மாவை.
காந்த அறைப் பக்கமே திரும்பிவிடும் நாற்காலியை மூன்று முறை நேராக்கிவிட்டேன்.

03:40
37.1. களைப்பு. பயம்கூடக் குறைந்துவிட்டது, அதுதான்
அம்மா பக்கத்தில் எனக்கு இடம் விட்டுப் படுத்திருக்கிறாள்