தப்பான பதிலுக்கு வரும் குரல்

என் செல்விக்கு,

செத்த நேரம் காது கொடு. நம் பால்கோவாப் பாடத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பெஞ்சில் இருந்தாய், பிறகு என் அண்ணனைக் கட்டிக்கொண்டு மதினியானாய், கடைசியில் இரண்டு பேரும் ஒரே வேலைக்கு வந்து சேர்ந்தோம். இப்போது நான் மட்டும் பார்க்கிறேன். நீ போன பிறகு ஒரு மழைக்காலம் வந்து போய்விட்டது, இராஜபாளையத்தில் மலை நன்றாகப் பச்சை கட்டியிருக்கிறது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாக் கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள் வெளியூருக்குப் பார்சல் அனுப்பக் கற்றுக்கொள்ள, செல்போனில் பாடம் செய்து தரச் சொன்னார்கள் நம்மிடம். மதுரை அலுவலகம் அனுப்பிய மாதிரிப் பாடம் "பால் என்றால் என்ன?" என்று ஆரம்பித்தது. நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"ஏட்டி, விடிஞ்சதுல இருந்து பாலைக் கிண்டிக்கிட்டு இருக்கவகிட்டப் போயி பால்னா என்னன்னு கேட்டா, போனை மூடி வச்சிட்டுப் போயிருவா. பார்சல் ஏன் போற வழியில கெட்டுப்போகுதுன்னு கேளு. அதுதான அவளுக்கு வேணும்?"

அதைத்தான் முதல் பக்கத்தில் வைத்தோம். எந்தப் பாடத்தையும் பூட்டி வைக்கக் கூடாது, வேண்டியதை வேண்டியபோது அவர்களே திறந்துகொள்ளட்டும் என்றாய். தப்பான பதிலுக்குச் சிவப்புப் பெருக்கல் குறி போட்டு "தவறு" என்று வந்ததைப் பார்த்து நீ கொதித்ததுதான் பெரிய சண்டை. பிள்ளை குட்டி பெற்று, குடும்பத்தையே சுமக்கிறவளுக்குச் சிவப்பு மை எதற்கு என்று கேட்டாய். பிறகு நீயே ஒரு வாக்கியம் பேசிப் பதிவு செய்தாய்: "செத்த பொறுங்க, இன்னொருக்கா பாப்போம்."

சென்னையிலிருந்து சரிபார்த்தவர் பதறிப்போய்க் கூப்பிட்டாரே, நினைவிருக்கிறதா? "செத்த என்றால் அபசகுனமாக இருக்கிறதே மேடம், மாற்ற முடியாதா?" நீ அசரவில்லை. "எங்க ஊர்ல செத்த நேரம்னா கொஞ்ச நேரம்தான் சார். அதுல யாரும் சாக மாட்டாக." அந்த வேடிக்கையை நான் இப்போது யாரிடமும் சொல்வதில்லை. எப்படிச் சொல்ல?

சரியான பதிலுக்கும் குரல் வேண்டாமா என்று நான் கேட்டேன். வேண்டாம், ஒரு மணிச் சத்தம் போதும் என்றாய். "சரின்னா அவளுக்கே தெரியும். தப்புக்குத்தான் கூட ஒரு ஆள் வேணும்."

பால்கோவாக் கடை மகேஸ்வரி அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாதிரிப் பாடத்தில் அந்தச் சிவப்புக் குறியைப் பார்த்துவிட்டு, இனி இந்தச் சனியனைத் தொட மாட்டேன் என்று போனைக் கல்லாப்பெட்டிமேல் வீசிய அதே அக்காதான். இப்போது மருமகளுக்கு அவரே பாடத்தைப் போட்டுக் காட்டுகிறார். "அந்தப் பிள்ளை ஏசாம சொல்லுது. அது நல்லா இருக்காம்மா?" என்று போன வாரம் என்னைக் கேட்டார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். வேறு என்ன செய்திருக்க வேண்டும், செல்வி?

இப்போது உண்மையான செய்திக்கு வருகிறேன். மதுரையில் பாடங்களைப் புதுப்பிக்கிறார்கள், எல்லாக் குரலையும் எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டர் குரல் வைக்கப்போவதாகச் சொன்னார்கள். உன் குரல் வேறு எங்கே இருக்கிறது? கல்யாண வீடியோவில்கூட மேளச் சத்தம்தான் கேட்கிறது. அதோடு இன்னொன்றும் சொன்னார்கள். டப்பா மூடுவது பற்றிய கேள்வியை ஒருவர் திரும்பத் திரும்பத் தப்பாகவே போடுகிறாராம். கேள்வியே சரியில்லை போலிருக்கிறது, மாற்றி எழுதுங்கள் என்றார்கள். யார் என்று பார்த்தேன். "சோதனை" என்று இருந்தது. பாடத்தைச் சோதித்துப் பார்க்க அண்ணன் போனில் நீ போட்டு வைத்த பெயர்.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் டீயை ஆறவிட்டு, போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, பால்கோவா ஆறுறதுக்கு முன்னால டப்பாவை மூடலாமா?"

"மூடக் கூடாதுத்தா. உள்ள வேர்த்துப் பூசணம் பிடிச்சிரும்."

"தெரியுதுல்ல? பொறவு எதுக்குத் தப்பாவே போடுறீக?"

அவர் என்னைப் பார்க்கவில்லை. "சரியாப் போட்டா மணி மட்டுந்தான அடிக்குது" என்றார்.

நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். திரும்பி வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் ஒரு தடவை தப்பாகப் போட்டேன். நீ பேசினாய். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணன் அந்த ஆறிய டீயையே குடித்தார்.

மறுநாள் மதுரைக்குப் பேசினேன். கேள்வியில் குறையில்லை, அவர் நன்றாகவே படிக்கிறார் என்றேன். மற்றக் குரலையெல்லாம் மாற்றிக்கொள்ளுங்கள், தப்பான பதிலுக்கு வரும் குரலில் மட்டும் கை வைக்காதீர்கள், கடைப் பெண்கள் அந்தக் குரலை நம்பித்தான் திரும்ப வருகிறார்கள் என்றேன். கொஞ்சம் இழுத்துவிட்டு ஒத்துக்கொண்டார்கள். அதனால் இப்போது நிம்மதியாக இருக்கிறேன். நீ வீட்டில் இல்லாத குறை தீராது, ஆனாலும் நிம்மதிதான்.

இந்த வேலையில் நான் இருக்கும்வரை அந்த வாக்கியத்தை யாரும் தொட மாட்டார்கள். அண்ணனிடமும் நான் சரியான பதிலைக் கேட்க மாட்டேன், அவர் எத்தனை தடவை வேண்டுமானாலும் தப்பாகப் போடட்டும். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு.

செத்த பொறு செல்வி, இன்னொருக்கா பாப்போம்.

உன் நாத்தனார், அதற்கு முன்னாலேயே உன் பக்கத்துப் பெஞ்சுக்காரி,
மல்லிகா